லேப் அக்கா பதில்கள்: அந்த 1,846 எங்கே போச்சு?

போன இதழில் சர்க்கரை டெஸ்ட் பற்றி எழுதும்போது, "2021-ல் எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஆன்டிபாடி பார்க்க ரத்தம் எடுத்தே கை ஓய்ந்துபோனது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கொரோனா வைரஸையோ அதன் தடுப்பூசியையோ பார்த்ததும் உடம்பு செய்கிற எதிர்ப்புப் புரதம்தான் அந்த ஆன்டிபாடி. அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. எழுதியவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சர்க்கரை, தைராய்டு கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கே.ஜி.எஃப். சாம்பியன் ரீஃப்ஸில் பிறந்து, பெங்களூரில் முப்பத்தோரு வருஷம் லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். ட்யூப் என் கைக்கு வந்ததிலிருந்து ரிப்போர்ட் அச்சாகிறவரை என்ன நடக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கேள்வி: பொங்கலுக்கு பீரோவை ஒழித்தபோது 2021 ஜூன் மாத ரிப்போர்ட் கிடைத்தது. அப்போது ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் இருந்தேன். எனக்கு ஆன்டிபாடி 1,846. வீட்டுக்காரி வெளி லேபில் எடுத்தது 212. இருவரும் கோவிஷீல்டு இரண்டு டோஸ். அன்று முதல் "உன்னைவிட எனக்கு ஒன்பது மடங்கு எதிர்ப்புச் சக்தி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த 1,846 இன்னும் எனக்குள் இருக்கிறதா?
(ஓய்வுபெற்ற பில்லிங் ஊழியர், ஜீவன்பீமா நகர்)

பதில்: சார், முதல் வேலையாக வீட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஒன்பது மடங்கெல்லாம் கிடையாது.

நீங்கள் அனுப்பிய இரண்டு நகல்களையும் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உங்களுடையதில் ஏ.யூ. என்று இருக்கிறது, அவருடையதில் வெறும் யூ. உங்களுக்கு ஓட்டியது அபாட் கம்பெனியின் டெஸ்ட் கிட், அவருக்கு ரோஷ் கம்பெனியின் கிட். அபாட்டில் 50-ஐத் தொட்டால்தான் பாசிட்டிவ். ரோஷில் 0.8 வந்தாலே பாசிட்டிவ். ஊருக்கு ஒரு படி வைத்து நெல் அளந்த காலத்தில், உன் வீட்டில் எத்தனை படி என் வீட்டில் எத்தனை படி என்று சண்டை போட்ட கதைதான் இது.

இந்தக் குளறுபடி வரும் என்று தெரிந்துதான் உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரிலேயே ஒரு பொதுப்படி கொண்டுவந்தது. நோய் வந்து குணமானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, இதில் மில்லிக்கு 1,000 என்று வைத்துக்கொள்வோம், மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிடுவோம் என்றார்கள். அந்த அளவுக்குப் பெயர் பி.ஏ.யூ. உங்கள் 1,846-ஐ 0.142-ஆல் பெருக்குங்கள், 262 வரும். ரோஷ் எண் கிட்டத்தட்ட அப்படியே பி.ஏ.யூ. என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக 262-க்கும் 212-க்குமான போட்டி இது. அந்த வித்தியாசம்கூட உடம்பினுடையது என்று சொல்ல முடியாது, கிட்டினுடையதாகவே இருக்கலாம். பெருக்கிப் பார்த்தபிறகும் இரண்டு கம்பெனி கிட்டுகள் முழுசாக ஒத்துப்போவதில்லை.

அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் "250-க்கு மேல்" என்று மட்டும் அச்சாகியிருக்கும். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) நீர்க்கச் செய்யாமல் அப்படியே ஓட்டினால் அந்த டெஸ்ட் 250-க்கு மேல் எண்ணாது. அதைப் பார்த்துத் தனக்கு ஃபுல் மார்க் என்று டிபார்ட்மென்ட் முழுக்க லட்டு கொடுத்த ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியன் எங்களிடம் இருந்தார். லட்டு நன்றாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னும் இருக்கிறதா என்றால், அந்த எண் எப்போதோ போய்விட்டது சார். ரத்தத்தில் ஓடும் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடியின் பாதி ஆயுள் சுமார் மூன்று வாரம்தான், அதாவது மூன்று வாரத்தில் பாதி கரைந்துவிடும். ஊசி போட்டதும் திபுதிபுவென்று கூடும் செல்கள் ஆன்டிபாடியைக் கொட்டித் தீர்த்துவிட்டுப் பெரும்பாலும் செத்துப்போகும். கொஞ்சம் மட்டும் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருக்கும். இஸ்ரேலில் ஷீபா மருத்துவமனை ஊழியர்கள் 4,868 பேரை மாதாமாதம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் போட்டது ஃபைசர். ஆறு மாதத்தில் ஐ.ஜி.ஜி. 18 மடங்கு இறங்கியிருந்தது. உங்கள் 1,846-ஐ 18-ஆல் வகுத்தால் நூறு சொச்சம். அதற்குப் பிறகு எத்தனை ஜலதோஷம், எத்தனை ஊசி. இன்றைக்கு எடுத்தால் முற்றிலும் வேறு எண் வரும், அதற்கும் இந்தக் காகிதத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடலாம். கிழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு கோவாக்சின் போட்டார்கள். இரண்டாவது டோஸுக்கு ஒரு மாதம் கழித்து எனக்கு 140 வந்தது. கோவிஷீல்டு போட்ட ரூம்மேட்டுக்கு 2,300. அன்று இரவு ட்யூட்டியில் கோவிட் வார்டு. பி.பி.இ. பாதுகாப்பு உடை மாட்டும்போது அழுதுவிட்டேன். எனக்குப் போட்டது வெறும் தண்ணீரா?
(செவிலியர், சிவாஜி நகர். சொந்த ஊர் கிருஷ்ணகிரி)

பதில்: சிஸ்டர், தண்ணீர் இல்லை. உங்களைப்போல அழுத இரண்டு பேருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

கோவிஷீல்டு உடம்புக்குள் போய் வைரஸின் மேலிருக்கும் ஸ்பைக் என்ற ஒரே ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும். கோவாக்சின் அப்படி இல்லை, முழு வைரஸையும் கொன்று உள்ளே அனுப்புவது. உடம்பு அதன் ஸ்பைக்கையும் பார்க்கும், உள்ளேயிருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தையும் பார்க்கும். உங்களுக்கு எடுத்த டெஸ்ட் ஸ்பைக்கை மட்டும் தேடுவது. கணக்குப் பரீட்சை எழுதியவரையும், கணக்கும் சயின்ஸும் சேர்த்து எழுதியவரையும் கணக்குத் தாளை மட்டும் திருத்தி ராங்க் போட்டால் எப்படி?

அதற்காக வித்தியாசமே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இந்தியாவில் 515 சுகாதாரப் பணியாளர்களை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு டோஸுக்குப் பின் ஸ்பைக் ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆனவர்கள் கோவிஷீல்டில் 98.1 சதவீதம், கோவாக்சினில் 80 சதவீதம். அதில் கோவாக்சின்காரர்கள் 90 பேர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில், அறிகுறியோடு வரும் நோயைக் கோவாக்சின் தடுத்தது 77.8 சதவீதம். டெல்லி எய்ம்ஸ் ஊழியர்களிடையே 2021 ஏப்ரல், மே மாதங்களில், அதாவது டெல்டா வகை வைரஸ் ஆடிய ஆட்டத்தின் நடுவே பார்த்தபோது 50 சதவீதம். பாதி என்பது குறைவுதான். ஆனால் அந்த ஏப்ரலில் அந்தப் பாதிக்காக எத்தனை பேர் ஏங்கினார்கள் என்று வார்டில் நின்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோவாக்சின் போட்டவர்களால் எங்கள் லேபுக்கு வேறொரு தலைவலி. நடுவில் யாருக்காவது சத்தமில்லாமல் தொற்று வந்து போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட் ஓட்டுவோம். கோவிஷீல்டு போட்டவருக்கு அது பாசிட்டிவ் என்றால் தொற்று வந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அந்த ஊசி அந்தப் புரதத்தைக் காட்டுவதே இல்லை. கோவாக்சின் போட்டவருக்குப் பாசிட்டிவ் என்றால் வைரஸா, ஊசியா? சொல்ல முடியாது. கடைசியில் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போய், "காய்ச்சல் வந்துச்சா, மூக்குல வாசனை போச்சா" என்று கேட்டுத்தான் நிரப்பினோம். லட்சக்கணக்கில் விலை போட்ட மெஷின் பக்கத்தில் சும்மா நின்றது.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஆன்டிபாடி ஏறும் என்று எங்கள் வார்டு பாய் சொல்லி இரண்டு மாதம் குடித்தேன். ஏறியிருக்குமா?
(எக்ஸ்ரே டெக்னீஷியன், லிங்கராஜபுரம்)

பதில்: கொலஸ்ட்ரால் டெஸ்ட் எப்போது எடுத்தீர்கள், தம்பி?

கேள்வி: நான் எம்.டி. படிக்கிறேன். ஊசி போட்டபின் ஆன்டிபாடி பார்க்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 மே 19 அன்றே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, ஆஸ்பத்திரி ஊழியர்களைக் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தது வீண் வேலைதானே?
(முதுநிலை மருத்துவ மாணவர், காக்ஸ் டவுன்)

பதில்: டாக்டர், எஃப்.டி.ஏ. சொன்னது தனி ஆளுக்கு. இந்த எண்ணை வைத்து, நீ பத்திரம் நீ பத்திரமில்லை என்று ஒருவரிடம் சொல்லாதே என்றது. அது சரி. எந்த எண்ணுக்கு மேல் போனால் வைரஸ் வராது என்று கோடு போட்டுக் கொடுத்தவர் யாருமில்லை. பில்லிங் சாரும் அவர் வீட்டம்மாவும் நடத்திய சண்டை அதனால்தான் அர்த்தமில்லாதது.

கூட்டமாகப் பார்ப்பது வேறு. முந்நூறு பேரின் எண் மூன்று மாதத்தில் எவ்வளவு இறங்குகிறது, வயதானவர்களுக்கு வேகமாக இறங்குகிறதா, ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு ஏறவே இல்லையா என்பதெல்லாம் கூட்டத்தில்தான் தெரியும். அதிலும் ஆஸ்பத்திரி ஊழியர்கள்தான் வாகு. ஒரே வாரத்தில் ஊசி போட்டவர்கள், தேதி பதிவில் இருக்கும், வைரஸுக்கு எதிரே தினம் நிற்பவர்கள், காலையில் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். இங்கிலாந்தின் சைரன் ஆய்வு 40,000-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரி ஊழியர்களை அப்படித்தான் தொடர்ந்தது. நம் பக்கம் வேலூர் சி.எம்.சி. தங்கள் ஊழியர்களின் ஊசிக் கணக்கையும் தொற்றுக் கணக்கையும் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து பாதுகாப்பு 65 சதவீதம், ஐ.சி.யூ. போவதிலிருந்து 94 சதவீதம். ஆன்டிபாடி டெஸ்ட் எதுவும் தேவைப்படாத கணக்கு அது. என்னைக் கேட்டால், எங்கள் ஃப்ரீசர் மொத்தத்தையும்விட அந்த ஒரு 94 பெரிசு.

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுக்குக் கணக்குப் போட்ட புள்ளியியல்காரர் முதல் கூட்டத்திலேயே ஒன்று சொன்னார்: சாதாரண சராசரி போடாதீர்கள். ஒருவருக்கு 100, இன்னொருவருக்கு 10,000 என்றால் சாதாரண சராசரி 5,050. அந்தக் கூட்டத்தில் 5,050-க்குப் பக்கத்தில் ஒரு மனுஷன்கூட இருக்க மாட்டான். பெருக்கல் சராசரி, அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1,000. ஆன்டிபாடி ஏறுவதும் இறங்குவதும் மடங்குக் கணக்கில், அதனால் சராசரியும் அப்படித்தான். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் புதிதாக இருந்தது.

2021 டிசம்பர் 2-ல் இந்தியாவின் முதல் இரண்டு ஓமைக்ரான் (புது வகை வைரஸ்) கேஸ்களை அறிவித்தார்கள், இரண்டும் நம் கர்நாடகத்தில். ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றம். 2022 ஜனவரி 10-ல் சுகாதாரப் பணியாளர்களுக்கு மூன்றாவது ஊசி தொடங்கியபோது எங்கள் லேபில் பாதிப் பேர் லீவு. உயரமான எண் வைத்திருந்தவர்கள், குட்டை எண் வைத்திருந்தவர்கள், எல்லாரும் வரிசையாக விழுந்தார்கள். ஆனால் 2021 ஏப்ரலில் போனில் கதறியதுபோல் ஒருவரும் பெட் கேட்கவில்லை. லட்டு கொடுத்தவர் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் கஞ்சி படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கேள்வி: என் அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங். தடுப்பூசி போட்டபின் ஆராய்ச்சி என்று நாலு தடவை ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு ஜூஸ். ரிசல்ட் மட்டும் சொல்லவே இல்லை. "ஏதாச்சும் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க, நல்லாத்தான் இருக்கும்" என்கிறார். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, "என் ரத்தத்துல என்னதான் இருந்துச்சு" என்று கேட்காமல் இருப்பதில்லை. இப்போது போய்க் கேட்டால் சொல்வார்களா?
(மகள், ஸ்ரீராம்புரம்)

பதில்: பாப்பா, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா வேலை பார்த்தது எங்கள் ஆஸ்பத்திரி இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியாக இருந்திருந்தாலும் இதே கடிதம்தான் வந்திருக்கும்.

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். ஓ.பி.க்குப் பின்னால் பழைய இ.சி.ஜி. அறை. காலை ஆறரை மணி, நைட் ஷிஃப்ட் இறங்குகிறவர்களும் மார்னிங் ஏறுகிறவர்களும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்பார்கள். டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் ரத்தம் எடுப்பது சுலபம், நரம்பை அவர்களே காட்டிவிடுவார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காக்களின் கை அப்படி இல்லை. பிளீச் தண்ணீரில் ஊறிப் புறங்கைத் தோல் தடித்திருக்கும். பி.பி.இ.க்குள் எட்டு மணி நேரம் வேர்த்து, பாத்ரூம் போகக் கூடாதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வருவார்கள். நரம்பு தட்டினால் எழாது. ஒருத்தருக்கு இரண்டு குத்து, மூன்று குத்து ஆகும். "பரவால்ல மேடம், இன்னொரு கை பாருங்க" என்று நீட்டுவார்கள்.

ஒப்புதல் படிவம் ஆறு பக்கம், இங்கிலீஷிலும் கன்னடத்திலும். எங்கள் அக்காக்கள் பலருக்குக் கன்னடம் தண்ணீராக வரும், படிக்க வராது. தமிழில் நான்தான் சொன்னேன். தடுப்பூசி வேலை செய்யுதான்னு பார்க்கிறோம், இஷ்டமில்லைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், வேலைக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாம் சொன்னேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: தனிநபர் முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தரப்படமாட்டா. அதை மட்டும் விழுங்கினேன். வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்ல நேரமில்லை.

அந்த வரியை நான் ஒழுங்காகக் காப்பாற்றினேனா என்றால் அதுவும் இல்லை. ரிசல்ட் வர ஆரம்பித்ததும் லேபுக்கு போன் வரும். "மேடம், என் கோடு நம்பர் 84, எவ்வளவு வந்திருக்கு?" முதல் வாரம் சொல்ல மறுத்தேன். இரண்டாவது வாரம் சொன்னேன். எல்லாரும் தினம் முகம் பார்க்கிற டாக்டர்கள். ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. பண்ணலாம் என்று அவர்களுக்குத் தெரியாது, லேப் எக்ஸ்டென்ஷன் நம்பரும் தெரியாது.

ஒரே ஒருவருக்கு நானாகப் போய்ச் சொன்னேன். மர்ஃபி டவுன் பக்கத்து ஆயா ஒருவர். 2021 ஜனவரியில், முதல் ஊசிக்கு முன்னால் எடுத்த ட்யூபிலேயே அவருக்குப் பாசிட்டிவ். முதல் டோஸ் முடிந்து நாலாவது வாரம், மற்றவர்கள் இரண்டு டோஸுக்குப் பிறகு தொட்ட உயரத்தையும் தாண்டி நின்றது. ஏற்கெனவே வைரஸைப் பார்த்த உடம்பு ஒரே ஊசியில் அப்படித்தான் துள்ளும். அதிசயமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஊசி வருவதற்குச் சற்று முன்பே சுகாதாரப் பணியாளர்களில் 25.7 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. ஊசியும் டெல்டாவும் சேர்ந்து 2021 ஜூன், ஜூலையில் அது 85.2 ஆனது. நான் அந்தச் சந்தோஷத்தில் லிஃப்டில் அவரைப் பார்த்ததும், "உங்களுக்குத்தான் ஆயா நல்லா ஏறியிருக்கு, ஊசிக்கு முன்னாடியே உங்களுக்கு வந்து போயிருக்கு" என்றேன்.

அவர் கையில் மாப் இருந்தது. "எப்ப வந்திருக்கும்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல் ஏதும் வந்ததா என்று கேட்டேன். "ஆகஸ்ட்ல ரெண்டு நாள் உடம்பு வலி. டோலோ போட்டுட்டு டூட்டிக்கு வந்தேன்." லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது, அவர் இறங்கவில்லை. "செப்டம்பர்ல எங்க மாமியார் மூச்சுத் திணறிப் போனாங்க மேடம். அப்போ நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேனா?"

அதற்குப் பிறகு நான் யாருக்கும் லிஃப்டில் எதுவும் சொல்லவில்லை. அந்த ஐந்தாம் பக்க வரியை எழுதியவர்கள் இதை யோசித்து எழுதினார்களா, வேலை மிச்சம் என்று எழுதினார்களா, தெரியாது. இரண்டாவதுதான் என்று என் மனசு சொல்கிறது. சொல்லாமல் விடுவதற்கு அது சாக்கு ஆகாது பாப்பா. ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, மாமியார் விஷயம் மாதிரி கேள்வி வந்தால் நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆய்வு முடிந்தபோது, ஊழியர்களைக் கூட்டி மொத்த முடிவையாவது கன்னடத்திலும் தமிழிலும் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஆகட்டும் என்றார்கள். ஆகவில்லை.

நீ செய்ய வேண்டியது: வீட்டில் அந்தப் படிவத்தின் நகல் இருக்கிறதா தேடு. கையெழுத்து வாங்கினால் நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதில் ஆய்வின் தலைப்பும், ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவின் செயலாளர் போன் நம்பரும் இருக்கும். நகல் இல்லையென்றால் அம்மாவின் பெயர், ஊழியர் எண், ரத்தம் எடுத்த மாதங்கள், இவற்றை எழுதி நெறிமுறைக் குழுச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடு, ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொள். பெயருக்கும் கோடு எண்ணுக்கும் இருந்த பட்டியலை அழித்திருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் அதையே எழுத்தில் கேள், கூடவே மொத்த ஆய்வின் முடிவையும் கேள். கிடைக்கிற எண் இன்றைக்கு வைத்தியத்துக்கு எதற்கும் உதவாது, அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அவர் வைத்தியத்துக்காகக் கேட்கவில்லை என்பது எனக்கும் புரிகிறது.

கேள்வி: கே.ஜி.எஃப்.பில் டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ முடித்துவிட்டு தினம் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் லேபுக்கு வருகிறேன். எங்கள் லேபிலும் ஊழியர்களைத் தொடர்ந்து டெஸ்ட் பண்ணும் ஆய்வு ஒன்று தொடங்குகிறது. என்ன கவனிக்க வேண்டும்?
(லேப் டெக்னீஷியன், ராபர்ட்சன்பேட்டை)

பதில்: ஊர்க்காரப் பிள்ளைக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெல் ட்யூபில் எடுத்து அரை மணி நேரம் நிமிர்த்தி வை, உறையட்டும். சுற்றிப் பிரித்த சீரத்தை ஒரே குப்பியில் வைக்காதே. மூன்று நாலு சின்னக் குப்பிகளாகப் பிரித்து மைனஸ் எண்பதில் போடு. ஒவ்வொரு தடவை டெஸ்டுக்கும் ஒரு குப்பியை எடுத்து இளக்கு, மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதே. லேபிளை சாதா ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் பனி அரித்துவிடும். எங்களுக்கு அப்படி பதினொரு குப்பிகள் பெயரில்லாத அநாதைகளாகப் போயின. 3-ஆ 8-ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

பெரிய விஷயம் இது. செப்டம்பர் மாத ரவுண்டில் எங்கள் எண்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் இறங்கின. ஆன்டிபாடி இறங்கும் காலம்தான், சரி என்று ஆய்வுக் குழு ஸ்லைடு போடத் தயாரானது. எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: மே மாதம் தொற்று வந்து ஏறியவர்கள், வராதவர்கள், இளசு, கிழம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தது. உடம்புகள் அவ்வளவு ஒற்றுமையாக நடந்துகொள்ளாது. டெஸ்டுக்கான ரீஜென்ட் ரசாயனப் பெட்டியைப் பார்த்தேன், புது லாட் நம்பர், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதி. மார்ச் மாதக் குப்பிகளில் இருபதை வெளியே எடுத்துப் புது லாட்டில் ஓட்டினோம். மார்ச் ரத்தமும் இறங்கியே வந்தது. ஃப்ரீசருக்குள் கிடந்த ரத்தத்துக்கு யார் என்ன செய்தார்கள்? இறக்கத்தில் ஒரு பங்கு கிட்டினுடையது.

அதனால் தொடக்கத்திலேயே பழைய சீரம் கொஞ்சத்தைக் கலந்து ஒரு பொதுச் சாம்பிள் செய்து நிறையக் குப்பிகளில் வைத்துக்கொள். ஒவ்வொரு ரவுண்டிலும் அதையும் சேர்த்து ஓட்டு. அது ஆடினால் மெஷின் ஆடுகிறது என்று அர்த்தம். முடிந்தால் ஒரே ஆளின் எல்லா மாதக் குப்பிகளையும் கடைசியில் ஒரே நாளில், ஒரே லாட்டில் ஓட்டிவிடு.

இன்னொன்று, வராதவர்களின் பட்டியலும் வை. எங்கள் மே மாத ரெஜிஸ்டரில் பாதிக் கட்டங்கள் காலி. சிலர் காய்ச்சலில் வீட்டில், சிலர் எங்கள் வார்டிலேயே படுக்கையில். வந்தவர்களை மட்டும் வைத்து கிராஃப் போட்டால் அந்த மாதம் எல்லாரும் சுகமாக இருந்ததுபோல் தெரியும்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்களே அக்கா, உங்களுக்கு எவ்வளவு வந்தது?
(வாசகி, அல்சூர்)

பதில்: ஜனவரியில் நெகட்டிவ். மார்ச்சில் நன்றாக ஏறியிருந்தது, பில்லிங் சாரைவிடக் கம்மி. செப்டம்பரில் என் ஜூனியர் பையன் எனக்கு எடுத்தான், மேடம் கை என்று நடுங்கிக்கொண்டே சிரிஞ்சை இழுத்ததில் செல்லெல்லாம் உடைந்து சீரம் சிவப்பாக நின்றது. "ஹீமோலைஸ்டு, மறுபடி எடுக்கவும்" என்று நானே எழுதி ரிஜெக்ட் பண்ணினேன். மறுபடி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. ரெஜிஸ்டரில் என் கட்டமும் காலி.